கொடுப்பனவு வருகிறது, பிள்ளையின் தட்டுக்கு வருகிறதா?

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் முன்பள்ளி நடத்துகிறவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதை விடப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலைதான் கூட. இல்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு சமுர்த்தி என்ற பேரில் வந்த காலத்திலும் அப்படித்தான், அது அஸ்வெசும ஆன பிறகும் அப்படித்தான். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய் வாசலில் நின்று, "ரீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ" என்று பைக்குள் கைவிடுவாள். கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு கடிதம் எல்லாம் வெளியே வரும். இந்தத் தாள்களையும், அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் காலையில் கொண்டுவரும் சாப்பாட்டுப் பெட்டிகளையும் நான் பல வருடமாகச் சேர்த்துப் பார்த்து வருகிறேன். எந்த உதவி எந்த வீட்டில் சாப்பாடாக மாறியது, எங்கே மாறவில்லை என்பது பற்றி எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உண்டு. நான் வைத்தியரும் இல்லை, பொருளாதாரம் படித்தவளும் இல்லை. கண்டதைச் சொல்கிறேன்.

என்னென்ன உதவி இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கர்ப்பிணிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கு ஆறு மாதம் வரையும், ஐந்து வயதுக்குள் நிறை போதாத பிள்ளைக்கும் திரிபோஷா கிடைக்கும். சோளம், சோயா, பால்மா, அவற்றோடு விற்றமினும் கனியுப்பும் சேர்ந்த மா அது. 1973 இல் தொடங்கியது, இன்றுவரை ஓடுகிறது. இரண்டாவது, கர்ப்பிணித் தாய்மாருக்கான போசாக்குக் கொடுப்பனவு. 2015 இல் மாதம் 2,000 ரூபாய்ப் பொருளாகப் பத்து மாதத்துக்கு வந்தது, பிறகு 4,500 ஆகக் கூட்டினார்கள். மூன்றாவது அஸ்வெசும. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தைப் பிடித்தது இதுதான். குடும்பத்தின் நிலையைப் பார்த்து 2,500, 5,000, 8,500, 15,000 என்று நாலு படி வைத்தார்கள். 2025 தொடக்கத்தில் கடைசி இரண்டு படிகளும் 10,000, 17,500 என்று உயர்ந்தன.

இவை மூன்றும் மூன்று வாசல். திரிபோஷாவுக்குக் கிளினிக் பதிவு போதும், வருமானம் கேட்கமாட்டார்கள். அஸ்வெசும பிரதேச செயலகப் பக்கத்து வேலை. சமுர்த்தி வெட்டுப்பட்டவுடன் "எல்லாம் போச்சு" என்று திரிபோஷா எடுக்கவும் போகாமல் விட்ட ஒரு கர்ப்பிணியை எனக்குத் தெரியும். ஒன்று இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சொன்னாலும் போகாத ஆட்களும் உண்டு. எங்கள் தலைமுறை நிவாரண அட்டையில் வளர்ந்தது. 1995 ஒக்ரோபர் யுத்த இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அரிசிக்கும் பருப்புக்கும் மாவுக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகள்தான் இன்று மாமிமார். அந்த வரிசையை மறக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்குள் இருக்கிறது. "எங்கட வீட்டில இல்லாமலோ? அது இல்லாத சனத்துக்கு விடுங்கோ" என்று மருமகளைத் தடுப்பார்கள். தோட்டக் காணியும் கல்வீடும் உள்ள வீட்டில்தான் இந்தக் கதையை அதிகம் கேட்டிருக்கிறேன். அந்தக் கல்வீட்டு மருமகளுக்கும் இரத்தம் குறைவாக இருக்கும். கிளினிக்கில் விரலில் குத்திப் பார்க்கும்போது காணி உறுதி துணைக்கு வராது.

என் தங்கச்சிக்கு மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தது 2022 இல். பொருளாதார நெருக்கடியின் அந்த வருடத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய் இல்லை, அதனால் படகு கடலுக்கு இறங்கவில்லை. ஓகஸ்டில் லீற்றர் 340 ரூபாய் ஆனபோது எண்ணெய் ஓரளவு வந்தது, ஆனால் ஒருநாள் தொழிலுக்குப் போய் வந்தால் எண்ணெய்க் காசு கூடத் தேறவில்லை. செப்டெம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கியதற்கு இந்த வருடம் கிட்டத்தட்ட இருநூறு. இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் என்று 2015 இல் தீர்மானித்தது அந்த விலைக்கு முன்னால் என்ன செய்யும்? சோளத் தட்டுப்பாட்டில் திரிபோஷாவும் ஒழுங்காக வரவில்லை. எல்லாம் ஒரேயடியாக விலையேறும் காலத்துக்கென்றுதான் இப்படியான உதவிகள் இருக்கின்றன, அந்தக் காலத்திலேயே அவை சுருங்கிப்போயின. விலையோடு சேர்ந்து ஏறாத கொடுப்பனவு சட்டத்தில் இருந்தாலும் சட்டியில் இராது. இதை எங்கள் பக்கத்து அரசியல்வாதிகள் எந்த மேடையிலாவது கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தங்கச்சியைத் தூக்கி நிறுத்தியது மிட்வைஃப். இலங்கையில் இந்த அமைப்பு 1926 இல் களுத்துறையில் தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வருகிறது, நூறு வருடமாக வீட்டு வாசலுக்கு வரும் அரச உத்தியோகத்தர் அவர்தான். எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டிக்குப் பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் வந்தார். வந்து அடுப்படிக்குள் போய் நின்று, "என்ன இருக்கு, அதைக் காட்டும்" என்றார். முருங்கை மரம் நின்றது. தட்டுப்பாட்டிலும் கரைவலையில் பட்ட சின்ன மீன் கொஞ்சம் கிடைத்தது. பயறு ஒரு கிலோ. "இதுகள் காணும், ஒழுங்காச் சாப்பிட்டா. இரும்புக் குளிசையை எப்ப போடுறீர்?" என்று கேட்டார். காலையில் பிளேன்ரீயோடு என்றாள் தங்கச்சி. மிஸ் தலையில் கைவைத்தார்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேநீரோடு எடுத்தால் உடம்பு அந்த இரும்பைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. கல்சியம் குளிசையையும் அதே நேரத்தில் போடக்கூடாது. இரும்பை விற்றமின் சி யோடு, அல்லது தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு ஒரு நேரம். கல்சியத்தை வேறொரு நேரம். தேநீர் சாப்பாட்டுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளி. அரசாங்கம் காசு செலவழித்து வாங்கி, ஏற்றி, இறக்கி, எண்ணிக் கையில் தந்த குளிசை, ஒரு கோப்பை பிளேன்ரீயில் வீணாகிறது. குளிசை கொடுத்தாயிற்று என்று பதிவில் இருக்கும். இரத்தம் ஏறாது.

பிள்ளை மந்திகை ஆஸ்பத்திரியில் பிறந்தான், இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேலே. அந்த இரண்டரைதான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே என்றால் குறைநிறைப் பிறப்பு என்று எழுதுவார்கள்.

தங்கச்சியை விட எனக்கு அதிகம் படிப்பித்தது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இன்னொரு பிள்ளை, இளம் தாய். பேர் வேண்டாம். கணவன் கூலி வேலை, சில நாள் கடல், சில நாள் மேசன் கை. 2023 இல் அஸ்வெசுமவில் 8,500 ரூபாய்ப் படி கிடைத்தது. படிவம் நிரப்பியது நான் என்பதால் எனக்கும் சந்தோசம். மூன்றாம் மாதம் அவளுடைய ஒன்பது மாதக் கைக்குழந்தையின் நிறைக்கோடு கிளினிக் கொப்பியில் பச்சையிலிருந்து செம்மஞ்சளுக்கு இறங்கிவிட்டது. காசு வரத் தொடங்கிய பிறகு கோடு இறங்குகிறது. எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அஸ்வெசுமக் காசு மூன்று மாதத்துக்குச் சேர்ந்து ஒரேயடியாக வந்திருக்கிறது. அந்தக் கிழமையே நுண்கடன்காரர் வந்து நின்றார். சேர்ந்து வரும் காசு கண்ணுக்குப் பெரிய காசு, பெரிய காசுக்குப் பெரிய வேலை காத்திருக்கும்: கடன், கூரைத் தகடு, நகை மீட்பு. இதில் அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கடன்காரர் வாசலில் இருக்கும்போது முட்டை வாங்கும் துணிவு எவருக்கு வரும்? மாதாமாதம் தவறாமல் வரும் சின்னக் காசு மட்டும்தான் சந்தைக்குப் போகும். அதனால் தொகையைக் கூட்டுங்கள் என்பதற்கு முன்னால் திகதியை ஒழுங்காக்குங்கள் என்பேன் நான்.

அடுத்தது திரிபோஷா. இது அந்தக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகுமுன் நடந்த கதை. தாய்க்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு. முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 கிராம், ஒரு ஆளுக்கு. அந்த வீட்டில் அவளைச் சேர்த்து ஐந்து பேர். பின்னேரம் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்து உருண்டை பிடித்தால் மூத்தது ஒன்று கேட்கும், மாமா ஒன்று கேட்பார். தாய்க்குக் கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதுதான். பைக்கற் பத்து நாளில் முடிந்துவிடும், மிச்ச இருபது நாளும் ஒன்றுமில்லை. மருந்துபோல இதை அவளுக்கு மட்டும் என்று வைக்க எங்கள் பெண்களுக்கு மனம் வராது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தாய் தின்பதா என்று கேட்பார்கள். மிஸ் இதற்கு ஒரு வழி செய்தார். மாமியைக் கூப்பிட்டு, "அம்மா, இது உங்கட பொறுப்பு. நீங்கள்தான் அளந்து குடுக்க வேணும்" என்று ஒரு பிஸ்கற் தகரத்தையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்தார். அதுவரை "திரிபோஷா கிரந்தி", உடம்பில் சொறி போடும் என்று முகத்தைச் சுளித்த மனுசி, அன்றிலிருந்து தகரத்தைத் தன் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காவல் காத்தார். மற்றப் பிள்ளைகளுக்கு உழுத்தம்மாவும் குரக்கனும் வறுத்து வேறு உருண்டை. மாமியை விலக்கிவிட்டு மருமகளுக்குப் புத்தி சொல்லும் எந்தத் திட்டமும் யாழ்ப்பாணத்து வீட்டில் எடுபடாது.

கைக்குழந்தையின் விசயம் கரண்டியில் இருந்தது. ஆறு மாதம் முடிந்ததும் சோறு தொடங்கியிருக்கிறார்கள், ஆனால் கஞ்சித் தண்ணி மாதிரி. "தண்ணியாக் குடுத்தாத்தான் செமிக்கும், பிள்ளை" என்று மாமி சொல்ல, அவளும் அதையே கொடுத்தாள். குழந்தையின் வயிறு கைப்பிடி அளவு. அதைத் தண்ணியால் நிரப்பினால் சத்துக்கு இடமேது. மிஸ் அங்கேயே இருந்து செய்து காட்டினார். குழைய அவித்த சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முள் எடுத்த பாரை மீன் ஒரு துண்டு, கொஞ்சம் முருங்கை இலை. எல்லாவற்றையும் கையால் மசித்து, மேலே ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய். கரண்டியில் அள்ளி மாமியின் முகத்துக்கு நேரே சரித்தார்.

"பாருங்கோ, ஓடுதே? ஓடினாத் தண்ணி. ஒட்டி நிண்டாச் சாப்பாடு."

"மீன் இந்த வயசில குடுக்கலாமே? கிரந்தி போடாதே?"

"ஆறு மாதம் முடிஞ்சாக் குடுக்கலாம். ஒவ்வொரு புதுச் சாப்பாடாக் குடுத்துப் பாருங்கோ. ஒண்டும் செய்யாட்டில் அடுத்ததைத் தொடங்குங்கோ."

அந்தக் கால் மணித்தியாலத்துக்குக் காசு எதுவும் போகவில்லை. ஆனால் பருப்பும் மீனும் வாங்கக் கையில் காசு இல்லாதிருந்தால் அந்தக் கால் மணித்தியாலம் வெறும் பேச்சு. இரண்டும் சேர வேண்டும் என்பதற்கு என் ஒழுங்கை மட்டும் சாட்சியில்லை. வங்காளதேசத்தில் 2012 முதல் 2014 வரை கிராமத்து ஏழைத் தாய்மாரிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலருக்குக் காசு மட்டும், சிலருக்கு உணவு மட்டும், சிலருக்குக் காசோடு போசாக்கு அறிவூட்டலும். காசு மட்டும் வாங்கிய வீடுகளில் சாப்பாடு கூடியது, ஆனால் பிள்ளைகளின் உயரக்குறைவு சொல்லும்படி மாறவில்லை. காசும் அறிவூட்டலும் சேர்ந்த இடத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் அளவு ஏழு வீதப் புள்ளிக்கு மேல் இறங்கியது. அங்கே அறிவூட்டல் என்றது நோட்டீசு ஒட்டியதை அல்ல. ஊர்ப் பெண் ஒருவர் கிழமைதோறும் தாய்மாரைக் கூட்டிவைத்துக் கதைத்தார், வீடுகளுக்கும் போனார், மாமிமாரையும் கணவன்மாரையும் கூட இருத்தினார்கள். வாசித்தபோது எங்கள் மிஸ்ஸின் பிஸ்கற் தகரம்தான் ஞாபகம் வந்தது.

எங்களுக்கு அந்த ஊர்ப் பெண்ணைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை, மிட்வைஃப் ஏற்கெனவே சம்பளத்தில் இருக்கிறார். ஆனால் அவர் தன் பிரிவோடு பக்கத்து வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்த்தால், அடுப்படியில் கால் மணித்தியாலம் எங்கே நிற்பது? நிறை நிறுத்து, கோடு கீறி, அடுத்த பிள்ளை. அஸ்வெசும கொடுக்கும் அமைச்சுக்கு அந்தக் கோடு தெரியாது, கோடு கீறும் அமைச்சுக்கு அஸ்வெசும யாருக்குப் போகிறது என்று தெரியாது. நடுவில் தாள்களோடு அலைகிறவள் தாய்.

எண்களைப் பார்த்தால் நாட்டுக்கே இது பெரிய பிரச்சினைதான். 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதம் வளர்ச்சி குன்றியவர்கள், 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். தாய் இறப்பையும் சிசு இறப்பையும் இவ்வளவு குறைத்த நாட்டில் இந்த மெலிவு அதிகம்தான். அதற்கு முந்திய 2006–07 கணக்கெடுப்பில் வட மாகாணம் சேர்க்கப்படவேயில்லை, அப்போது இங்கே யுத்தம். எங்கள் பிள்ளைகளின் அந்தக் காலத்து நிறை எந்தப் பெரிய அட்டவணையிலும் இல்லை, கிளினிக் கொப்பிகளில் மட்டும்தான் இருந்தது, பல வீட்டில் அந்தக் கொப்பியும் இடப்பெயர்வில் போய்விட்டது.

பொருளா காசா என்ற வாதத்தில் நான் முழுக்கக் காசின் பக்கமும் இல்லை. பொருளாக வரும்போது கடன்காரர் அதைப் பிடுங்க முடியாது, அது பெரிய நன்மை. ஆனால் பொருள் கொடுக்கும் கடை ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரு கூட்டுறவுக் கடையில் எனக்குத் தெரிந்த கர்ப்பிணிக்குப் பயறும் நெத்தலிக் கருவாடும் முடிந்துவிட்டது என்று சொல்லி, கிடந்த ரின் மீனையும் சோயாமீற்றையும் கட்டிக் கொடுத்தார்கள். கரையில் குடியிருக்கிறவளுக்கு ரின் மீன்! இரண்டு வீடு தள்ளிப் பாரை துடிக்கிறது. கொடுப்பனவை உள்ளூர்ச் சந்தையில், கூடைக்காரியிடம், முட்டைக்காரியிடம் செலவழிக்க வழி செய்தால் தாயும் பிழைப்பாள், அந்தப் பெண்களும் பிழைப்பார்கள்.

இதில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள், நான் இப்போது எல்லோருக்கும் அதைச் சொல்கிறேன். காசு கணக்கில் விழுந்த அன்றே, வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வரும் வழியில் ஊர்க்கோழி வளர்க்கும் அக்காவிடம் மாதத்து முட்டைக் காசை முன்கூட்டியே கட்டிவிடுவாள். பிறகு நாளுக்கொரு முட்டை வீடு தேடி வரும். கடன்காரர் முட்டையைக் கேட்கமாட்டார். அந்த அக்காவுக்கும் தீன் வாங்கக் கையில் காசு.

படிவ விசயத்தில் சில சொல்லவேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் எட்டுக் கிழமைக்குள் மிட்வைஃபிடம் பதிந்துவிடுங்கள், "மூண்டு மாதம் போகட்டும், கண்படும்" என்று மறைக்காதீர்கள். பதிவு பிந்தினால் ஃபோலிக் அமிலம் முதல் கொடுப்பனவு வரை எல்லாம் பிந்தும். வயிற்றில் கழியும் நாளையும் முதல் இரண்டு வயதையும் கூட்டினால் ஆயிரம் நாள்தான். அதில் அறுபது நாளைக் கண்ணூறுக்குக் கொடுப்பது எனக்கு ஏற்கவில்லை. வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் கல்யாணத்துக்கு முன்பே சரியாக இருக்கட்டும், பேரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே திருத்துங்கள். அஸ்வெசும விண்ணப்பத்தின் கியூஆர் இலக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், தாளை எலி தின்றால் அதுதான் துணை. பெயர்ப்பட்டியலில் இல்லையென்றால் மேன்முறையீட்டுக்குக் கொடுக்கும் காலத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். கிராம அலுவலரான ஜி.எஸ்ஸிடம் வாயால் சொல்லி அழுதால் அவர் ஆறுதல் சொல்வார், அதற்கு மேல் அவர் கையில் ஒன்றுமில்லை.

இன்னொன்று, காசு யாருடைய கணக்குக்கு வருகிறது என்பது. கணவன் கணக்குக்கு வந்தும் ஒழுங்காகச் சாப்பாடாகும் வீடுகளை எனக்குத் தெரியும், ஆனால் அங்கே கணவன் சந்தைக்குப் போகிறவர். அடுப்படிக்கு என்ன தேவை என்று தெரிந்தவரின் கையில் வங்கி அட்டை இருக்க வேண்டும், எங்கள் ஊரில் அது பெரும்பாலும் பெண்தான்.

இப்போது மாதர் சங்கத்தில் கிளினிக் நாளன்று இரண்டு பேரை முறைவைத்து அனுப்புகிறோம். ஒருவர் வரிசையில் நிற்கும் தாய்மாரின் தாள்களைப் பார்ப்பார், மற்றவர் மாமிமாரோடு இருந்து கதைப்பார். இரண்டாவது வேலைக்கு வயதான ஆள்தான் சரி. பிஸ்கற் தகரத்துக்குக் காவல் இருந்த அந்த மாமியையே கேட்டோம். சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: கிளினிக்கில் பின்னேரத்தில் நிற்க முடியாது, பேரனுக்குச் சாப்பாடு தீத்த வேணுமாம்.